காற்றாடியில் அடைந்த பஞ்சு
பெரம்பலூர் கடைவீதியில், கண்ணாடி அலமாரிக்குள் பாலித்தீன் பிரிக்காத புது லேப்டாப்புகள் மினுங்க, உத்திராபதி ஒரு பழையதைக் கவிழ்த்து வைத்துத் திருகாணிகளைக் கழற்றுகிறார். எதிரே, குன்னத்தில் பருத்தி வாங்கி விற்கும் தேவயானி. "பில்லு போடுறப்பவே அணைஞ்சுடுதுங்க. அடுத்த வாரம் பருத்தி வந்துடும். மெமரி சேத்தாத் தேறுமா, புதுசே எடுத்துடவா?" "மொதல்ல தொறந்து பாப்போம்ங்க." அடிமூடி எழும்புகிறது. வெயில் உள்ளே விழுகிறது. காற்றாடியையே காணோம்; அந்த இடத்தில் பஞ்சு குருவிக்கூடாய் அடைந்திருக்கிறது. குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பவர்போல, அவர் மூச்சடக்கி இடுக்கியால் இழை இழையாக உருவுகிறார். என்ன பொறுமையான விரல்கள்! லேப்டாப்பைச் சாய்த்துத் திறந்து பொத்தானை அழுத்தியதும் காற்றாடி சத்தமில்லாமல் சுழல்கிறது. புது லேப்டாப்புகளின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது மூச்சு முட்டித்தான் கெடந்துருக்கு. மெமரி ஒண்ணு சேத்தா இன்னும் மூணு வெள்ளாமைக்கு ஓடும்ங்க." தேவயானியின் கண் திரையிலேயே நிற்கிறது. கைகளோ மேசையில் கிடந்த பஞ்சை எடுத்துத் தாமாகவே உருட்டுகின்றன. சாம்பல் நிறத்தில் ஒரு விளக்குத்திரி நீள்கிறது. "அழுக்குங்க, கீழ போட்டுடுங்க." "மெமரியே போட்டுடுங்க" என்றபடி அவள் திரியைக் கைப்பைக்குள் வைக்கிறாள். "இதுவும் நம்ம பருத்திதானுங்களே."