அறுபது டிகிரி மட்டை

"அம்பத்தாறா, அறுபதாங்க சார்? வெரசாச் சொல்லுங்க, மூட்டம் எறங்குதுங்க."

கோல்ஃப் மட்டைப் பையைத் தோளில் சுமந்திருந்த மாரிச்சாமி அவசரப்படுத்தினான். ரவிக்குமாரின் கை, பைக்குள் இருந்த இரண்டு வெட்ஜ் மட்டைகளின் தலையையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தது. ஊட்டிக் குளிரிலும் அவன் கழுத்தில் வியர்வை ஓடியது.

கடைசிக் குழி. கொடி கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மணல் பள்ளம். அதுவரை ஆட்டம் சரிசமம். டைரக்டர் ராஜரத்தினம் தன் ஆறாவது அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டு, கொடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரவிக்குமாருக்கு இது நாலாவது அடி. கொடியருகே போட்டு உருட்டிவிட்டால் ஐந்தில் முடிந்துவிடும், ஜெயம் அவனுக்கு.

தேயிலைக் கம்பெனியில் யாரையாவது மாற்றல் செய்வதற்கு முன், அந்த மேனேஜரைக் கூப்பிட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பது டைரக்டரின் வழக்கம். குன்னூர் பங்களாவில் இருந்துகொண்டு வாரம் தவறாமல் கோல்ஃப் ஆடுகிற மனிதர் அவர். இப்போது அசாம் எஸ்டேட்டுக்கு ஆள் தேவை. மஞ்சூர் எஸ்டேட் ரவிக்குமாரைக் கூப்பிட்டுவிட்டார்.

மனைவி ரஞ்சனிக்கு ஏழாவது மாதம். எட்டு வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. மஞ்சூர் மலைப்பாதையில் பஸ் ஏறக்கூட டாக்டர் தடை போட்டிருக்கிறபோது அசாமுக்கு எங்கே போவது? அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காலையில் வாசல் வரை வந்து அவள் சொல்லியனுப்பியிருந்தாள்.

"ஏனுங்க, நல்லா ஆடுங்க. ஆனா ஜெயிச்சுட்டு மட்டும் ஊட்டுக்கு வந்துராதீங்க."

அவள் பயந்ததில் தப்பில்லை. முன்பு டைரக்டரை ஜெயித்த மேனேஜர் பாண்டியன் அடுத்த வாரமே அசாமுக்கு மூட்டை கட்டினார். அங்கே ஒண்டியாக இருக்க முடியாமல் வேலையையே விட்டுவிட்டதால்தான் இப்போது அந்த இடம் காலி.

இன்னொரு மேனேஜர் முத்துவேல் புத்திசாலித்தனமாகத் தோற்கப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் பந்தைத் தவறவிட்டதும், "எங்கிட்டயே நடிப்பா?" என்று டைரக்டர் சீறினார். முத்துவேலுக்கு வேலையே போயிற்று.

ஆகவே தோற்க வேண்டும். ஆனால் தோற்கப் பார்க்கிறான் என்று தெரியக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ரவிக்குமார் மட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். வெட்ஜில் டிகிரி ஏற ஏற அதன் முகம் மல்லாந்துகொண்டே போகும். பந்து உயரம் போகும், தூரம் போகாது.

"அம்பத்தாறே போதுங்க" என்றான் மாரிச்சாமி. "காத்து எதுத்தாப்புல அடிக்குதுங்க. அறுபதுன்னா பந்து மேலதான் ஏறும், முன்னால நகராதுங்க. மணல்லதான் உளும்."

பாவம், அவன் நல்லதைத்தான் சொன்னான். பாதி ஆட்டத்தில் டைரக்டர் தன் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி, "இனி எனக்கு எதுக்கு இது? நீ போட்டுக்க" என்று கொடுத்ததிலிருந்து மாரிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷன் நல்ல மூடில் இருக்கிறார், அதைக் கெடுக்காமல் தோற்றுவிட வேண்டும் என்று ரவிக்குமார் அப்போதே முடிவு செய்திருந்தான்.

"அறுபதைக் கொடு."

"சார், சொல்றதக் கேளுங்க..."

"கொடுப்பா!"

அடியில் அவன் கள்ளம் எதுவும் செய்யவில்லை. ஒழுங்காகவே வீசினான், மிச்சத்தை மட்டை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டான். பந்து விறுவிறுவென்று ஏறி மூட்டத்துக்குள் மறைந்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று சட்டென்று நின்றது. ரவிக்குமார் கழுத்தை நீட்டிப் பார்த்தான். கொடியை நோக்கியே பந்து இறங்கி வருவது தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு!

பந்து பள்ளத்தின் அந்தக் கரையில் விழுந்தது. புல்லில் நிற்பதா, மணலுக்குத் திரும்புவதா என்று யோசிப்பதுபோல் கொஞ்சம் தயங்கியது. பிறகு மெல்லப் பின்னால் உருண்டு மணலில் போய் உட்கார்ந்தது.

"நாந்தான் சொன்னனுங்களே!" என்று மாரிச்சாமி தலையில் அடித்துக்கொண்டான்.

மணலை விட்டு வெளியே எடுக்க ஓர் அடி, உருட்டிக் குழியில் சேர்க்க இரண்டு. ஏழில் முடித்து, ஒரே அடியில் ரவிக்குமார் தோற்றான்.

டைரக்டர் நேராக அவனிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏன் அறுபதை எடுத்தே?"

"பள்ளத்தைத் தாண்டிப் போட்டு, கொடிகிட்டயே நிறுத்தலாம்னு பார்த்தேன் சார். கொஞ்சத்துல தப்பிருச்சு."

ராஜரத்தினம் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது.

"சரியான யோசனை! நானா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். கடைசி வரைக்கும் என்னைத் திணறடிச்சுட்டியேப்பா!"

போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கலாம். ரஞ்சனிக்குச் சொல்ல ரவிக்குமார் போனை எடுத்தான்.

டைரக்டர் அவன் இன்னொரு கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே சொன்னார்.

"பாண்டியன் மாதிரி போட்டு நசுக்கறவன்கூடயும் ஆட முடியாது, முத்துவேல் மாதிரி நடிக்கறவன்கூடயும் ஆட முடியாது. உன்னை மாதிரி நல்லா ஆடித் தோக்கறவன் கெடைக்கறது கஷ்டம். அடுத்த மாசம் அசாமுக்கு நானே குடி போறேன், ரவி. கூட ஆட நீயும் வர்றே!"