இந்திப் படத்துக்கு ஒரு பிணம்

கர்ணனின் தாடையைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் பிணைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஊதுபத்தி புகைந்தது. மார்பில் ரோஜா மாலை கிடந்தது.

"காசு வழுக்குதுப்பா. இன்னங் கொஞ்சம் சந்தனத்த அப்பு" என்றான் கர்ணன், கட்டிய வாயோடு.

"பொணம் பேசக் கூடாதுண்ணே" என்று அதட்டினான் சூரியபிரகாஷ்.

சூரியபிரகாஷுக்கு அல்லிநகரத்தில் மைக்செட் கடை. புனேயில் முறுக்குக் கம்பெனியில் கிடந்த புண்ணியத்தில் இந்தி வரும். அதை நம்பித்தான் மும்பையிலிருந்து ஒரு சவுண்டு இன்ஜினியர் மைக்கும் பெட்டியுமாக வீரபாண்டித் தென்னந்தோப்பில் வந்து இறங்கியிருந்தார்.

இந்திப் படத்தின் பின்னணி இசைக்கு அசல் ஒப்பாரி வேண்டுமாம். இத்தனைக்கும் அந்தப் படத்தில் சாவே கிடையாது. காதலி கோபித்துக்கொண்டு கனடாவுக்கு விமானம் ஏறுகிறாள், ஹீரோ ஏர்போர்ட் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறான், அவ்வளவுதான். அதற்கு எதற்கு ஒப்பாரி என்று கேட்டால், மும்பைக்காரர் கண்ணை மூடி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அந்த வட்டாரத்தில் ஒப்பாரி என்றால் இருளம்மாள்தான். ஆனால் அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

"பொணம் இல்லாம ஒப்பாரி வச்சா ஆகாது தம்பி. யாரையாச்சும் முன்னால கெடத்துங்க, பாடுறேன்."

செத்தவனாகப் படுக்க ஊரில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் தானாக வந்து நின்றவன் அவள் புருஷன் கர்ணன்.

"அக்கா, அண்ணனையே படுக்க வச்சா அவருக்கு ஆகாதுல்ல?" என்று தயங்கினான் சூரியபிரகாஷ்.

"அவருக்கு ஆகாட்டி எனக்கென்ன? கெடக்கச் சொல்லு."

இருளம்மாள் கர்ணனோடு முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதம் இருக்கும். அவள் தம்பி வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவளைக் கேட்காமல் அவன் ஒரு வியாபாரத்தை முடித்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டுக் கதவு அவனுக்குச் சாத்தியே கிடந்தது. படுக்கை மாட்டுத் தொழுவத்தில். அங்கே இப்போது இடத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

எப்படியாவது வீட்டுக்குள் போய்விட வேண்டும், அதுதான் கர்ணனுக்கு வேண்டியது. உயிரோடு இருப்பவனிடம் பேசாதவள், செத்தால் பேசித்தானே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

மும்பைக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினார். இருளம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். கர்ணனை ஒரு தடவை பார்த்தாள், உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தென்னந்தோப்பே கிடுகிடுத்தது.

"கறுத்த மேனி மினுமினுங்க
கம்பம் ரோட்டில் நடந்தியே!
ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல,
ஒரு நாளும் வஞ்சதில்ல,
வச்சதைத் தின்னுபுட்டு
வாயத் தொறந்து கேட்டதில்ல!
நோய் நொடினு படுக்காம
நம்ம வீட்டக் காத்தியே!
நான் ஊருக்குப் போயி வாரதுக்குள்ள
எங்க போன என் தங்கமே!"

கர்ணன் வாயைத் திறந்தால் முதலில் வருவது வசவுதான் என்பது ஊருக்கே தெரியும். சோற்றில் உப்பு குறைந்தால் தட்டு வாசலில் பறக்கும். ஆனால் ஒப்பாரியில் செத்தவனுக்கு இல்லாத குணத்தையெல்லாம் ஏற்றிச் சொல்வதுதானே வழக்கம்? சூரியபிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாஷை புரியாத மும்பைக்காரருக்கே மூக்கு சிவந்துவிட்டது.

திடீரென்று அவர் கையை உயர்த்தி இந்தியில் ஏதோ கத்தினார்.

"பொணம் விசும்புதாம்ணே, மைக்குல விழுகுதாம்" என்றான் சூரியபிரகாஷ்.

கர்ணனின் கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடிக் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மறுபடியும் எடுத்தார்கள். இந்த முறை இருளம்மாள் நெஞ்சில் அறைந்துகொண்டு பாடிய பாட்டைக் கேட்டிருந்தால், ஹீரோவின் காதலி கனடாவுக்குப் போயிருக்கவே மாட்டாள். மும்பைக்காரர் எழுந்து வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

எல்லாரும் நகர்ந்ததும் கர்ணன் தாடைக்கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றான். அவனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"ஏ புள்ள, எம் மேல இம்புட்டுப் பிரியத்த வச்சுக்கிட்டா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த? நான் மனுசனே இல்ல புள்ள. இனி ஒன்னைய ஒரு வார்த்த வைய மாட்டேன், கௌமாரியம்மன் மேல சத்தியம்!"

இருளம்மாள் முடியை அள்ளி முடிந்தாள். அவள் கண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை.

"அழுதுதான் பாடணும்னு அந்தாளு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாக."

"ஒன்னையப் பாத்தேன், ஒரு சொட்டு வரல. அதான் கண்ண மூடிக்கிட்டேன்."

"கண்ண மூடி?"

"நீ கேரளா லாரியில ஏத்திவிட்டியே எருமை, அத நெனச்சுப் பாடுனேன்யா!"