ஐயம்பெருமாளை அமுக்க ஒரு பெட்டி

ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் குரலை எப்படியாவது ஒழித்துக்கட்டிவிடுவது என்று வைத்தி முடிவு செய்துவிட்டான்.

அண்ணாச்சி தங்கமான மனுசர்தான். முக்கூடல் பக்கத்தில் அவர்கள் தெருக் கோயிலில் மார்கழி பஜனையை ஆரம்பித்ததே அவர்தான். ஆனால் வாயைத் திறந்தால் சுருதி ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். பனியில் அந்தச் சத்தம் கேட்டு ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று ஊரில் பேச்சு உண்டு. மாட்டைச் சொல்லிக் குற்றமில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் கார்த்திகையில் வந்தது வினை. தர்மகர்த்தா மந்திரமூர்த்தி புது ஸ்பீக்கர் வாங்கிக் கோயில் வாசலில் கட்டினார். இனிமேல் விடியக்காலம் கடைக் கேசட்தான் ஓடும், பஜனைக்காரர்கள் மூணு பேரும் வந்து பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும் என்றுவிட்டார். மூணு பேர் என்றால் வைத்தி, அவன் கூட்டாளி கருத்தையா, அப்புறம் அண்ணாச்சி.

வைத்தி கெஞ்சிக் கூத்தாடினான். கடைசியில் மந்திரமூர்த்தி கொஞ்சம் இறங்கி வந்தார்.

"காது கொடுத்துக் கேக்குத மாதிரி நீங்களே ஒரு கேசட் போட்டுத் தாங்க. அதையே ஓட்டுதேன். மார்கழி பொறக்குததுக்குள்ள வரணும். இல்லைன்னா பஜனை இத்தோட சரி."

காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. அங்கேதான் இடித்தது. அண்ணாச்சியிடம் போய், நீங்க பாடாதீங்க என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அப்போதுதான் கல்யாணக் கச்சேரியில் கீபோர்டு வாசிக்கிற ஒருவர் ஒரு பெட்டியைப் பற்றிச் சொன்னார். நாலு பேர் பாட்டை நாலு தடத்தில் தனித்தனியாகப் பதியுமாம். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு குமிழாம். வேண்டாதவன் குமிழைக் கீழே இறக்கிவிட்டால் ஆள் அம்பேல். வைத்திக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

திருநெல்வேலி ஜங்ஷனில் அவன் ஏறாத கடையில்லை. ஒரு கடைக்காரர், ரெண்டு கேசட் போடுகிற டேப்ரிக்கார்டரைக் காட்டி, இதில் ரெண்டு வாங்கிக்கிட்டா நாலாயிருமே என்றார். அலைந்து திரிந்து, கடைசியில் மேலப்பாளையத்தில் அகப்பட்டது. துபாயிலிருந்து திரும்பிவந்த சேக் முகம்மது, இட்லித் தட்டு அகலத்தில் இருந்த பெட்டியைத் துணி விலக்கிக் காட்டினார். துபாய்க்குப் போகுமுன் மெல்லிசைக் குழுவில் பாடினவர். பெட்டியைக் கைமாற்றித் தர மாட்டேன், இங்கன வந்து பாடுங்க, நானே பதிஞ்சு தாரேன் என்றார்.

மூணு பேரும் போனார்கள். ஆளுக்கு ஒரு தடம், முதல் தடம் அண்ணாச்சிக்கு, நாலாவதில் ஜால்ரா. அண்ணாச்சி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உருகியபோது, சேக் முகம்மது தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை போன வைத்தி, குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்ப ஓடிவந்தான்.

"பாய், முதல் குமிழைச் சுத்தமா இறக்கிருங்க. அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம்."

வாசலைத் தாண்டினவன் மறுபடியும் எட்டிப் பார்த்தான்.

"அப்படியே கருத்தையாவையும் கொஞ்சம் பைய வைங்க. ரொம்ப வேண்டாம், ஆள் இருக்கதே தெரியாத அளவுக்கு."

மார்கழி பிறந்தது. கேசட் ஓடியது. தண்ணீர்க் குடத்தோடு போனவர்கள்கூட நின்று கேட்டார்கள். மந்திரமூர்த்தி மாதம் முழுக்க இதுதான் என்று சொல்லிவிட்டார். பஜனை பிழைத்தது.

வைத்தி பெண்டாட்டி மட்டும், இது உங்க குரல் மாதிரி இல்லையே என்றாள். சொந்தக் குரல் கேசட்டில் வேற மாதிரித்தான் கேட்கும், உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தான். அடுத்த தெருவில் கருத்தையாவும் தன் வீட்டில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி வந்து வைத்தி தோளில் தட்டி, நல்லா வந்திருக்குலே என்றார். வைத்திக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஒரு வடை வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு மேலப்பாளையம் போனான். சேக் முகம்மது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று வைத்தி நினைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி இருந்த இடமே தெரியலையே, பாய். கெட்டிக்காரர்தான் நீங்க."

"உங்களுக்கு அப்புறம் கருத்தையாவும் தனியா வந்தாரு. உங்களையும் அண்ணாச்சியையும் இறக்கச் சொன்னாரு."

வைத்திக்கு மூஞ்சி சுண்டிப்போனது. கூடவே இருந்து குழி பறிக்கிற பயல் என்று கருத்தையாவைத் திட்டித் தீர்த்தான். தான் மறந்துபோன குடை அவன் நினைவுக்கே வரவில்லை.

"ஐயம்பெருமாள் அண்ணாச்சியும் வந்தாவ."

"அவருமா? என்னைய இறக்கச் சொன்னாரோ?"

"தன்னையத்தான் இறக்கச் சொன்னாவ. 'என் குரல் எனக்குத் தெரியாதா வே? சின்னப் பயலுவ நல்லாப் பாடுதானுவ. என்னால பஜனை நின்னுறக் கூடாது. எங்கிட்டச் சொல்லவும் சங்கடப்படுதானுவ, பாவம். நீரும் சொல்லிராதேயும்'னாவ."

வைத்தி பழச் சீப்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றான். வெட்கமாக இருந்தது.

"மூணு பேர் சொன்னதையும் செஞ்சேன். ஜால்ரா மட்டுந்தான் மிஞ்சிச்சு" என்றார் சேக் முகம்மது.

"அப்போ கேசட்ல பாடுதது யாரு?"

பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அவர் மனைவி ஹமீது பீவி சுக்குக் காப்பியோடு உள்ளேயிருந்து வந்தார்.

"பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்ல? ஒருத்தர் மனசும் நோகக் கூடாதுன்னு, மூணு பேர் பாட்டையும் ஒத்தை ஆளா மாத்தி மாத்திப் பாடினா தொண்டை என்னத்துக்கு ஆகும்?"