இருக்கட்டுமே

புரூஃப் ஐயா பழைய புத்தகக் கடையின் படியேறுவதைக் கடைக்காரம்மா கல்லாவிலிருந்தே பார்த்தாள். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

அவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, வழக்கம்போல நேராக நாவல் அடுக்குக்குப் போனார்.

அச்சகத்தில் ஆயுசு முழுக்கப் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால்கூட முதலில் ஒற்றுப்பிழை பார்ப்பார், மாப்பிள்ளை யார் என்பதெல்லாம் பிறகுதான்.

ஊரில் அவர் ஏறாத பழைய புத்தகக் கடை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே எடைக்குப் போடும் கடை, புத்தகத்தைத் தொட்டாலே முறைக்கிறவரின் கடை, அகராதிகள் மேல் பூனை தூங்கும் கடை என்று எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார். எது நல்ல கடை என்று யாராவது கேட்டால் இந்தக் கடையைத்தான் சொல்வார். அவர் தேடியது இங்கேதான் கிடைத்தது.

தேடியது புத்தகம் அல்ல. மகளுடைய பென்சில் எழுத்து.

மகளும் அதே அச்சகத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பிழை திருத்தியவள். ஒருநாள், தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். இவர் வாய்க்கு வந்தபடி பேசினார். அன்றைக்குப் போனவள்தான். எங்கே போனாள் என்றுகூடத் தெரியாது.

ஆனால் பழக்கம் எங்கே போகும்? அப்பாவுக்கும் மகளுக்கும் பென்சில் இல்லாமல் எதையும் படிக்க வராது. சரியாக இருப்பதைத் தவறி அடித்துவிட்டால், அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது அவர்கள் அச்சகத்து வழக்கம். அடித்தது செல்லாது, முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். மகள் மட்டும் 'இருக்கட்டுமே' என்று எழுதுவாள். அச்சுக்கோக்கிறவரிடம் என்ன கெஞ்சல் வேண்டிக்கிடக்கிறது என்று இவர் எத்தனையோ தடவை திட்டியும் அந்த 'மே' போகவில்லை.

அந்த 'மே' எழுதிய புத்தகம் ஒன்று இந்தக் கடையில் அவர் கையில் சிக்கியது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் அழுததைக் கடைக்காரம்மா பார்த்தாள். பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த புத்தகத்தில் எழுதியது கடைக்காரம்மாதான்.

அதற்கடுத்ததிலும் அவள்தான். இரக்கத்தில் ஆரம்பித்தது கழுத்தை நெரிக்கத் தொடங்கியது. புதிதாக அச்சான புத்தகத்தில் 'மே'யைப் பார்த்துவிட்டு, மகள் இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கண்ணில் புரை முற்றிவிட்டது, இனியும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சத்தம் போட்டும் அசையவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிற நேரம் பார்த்து மகள் கடைக்கு வந்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வதாம்.

தன் பொய்யால் ஒரு மனுஷனுக்குக் கண் போவதா என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் இன்று காலை கடையைத் திறந்ததும், அவருக்காக எழுதித் தயாராக வைத்திருந்த நாவலை எடுத்து, அத்தனையையும் ரப்பரால் அழித்தாள். பென்சில் அழுத்திய தடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. அடுக்கில் செருகிவிட்டுக் கல்லாவுக்கு வந்து உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எழுதியது நான்தான் என்பதைச் சொல்லிவிடலாம். அதற்கு மேலே இருப்பதைச் சொல்ல நாக்கு எழுமா என்று தெரியவில்லை.

பிறகு கடைக்குள் வந்த முதல் ஆள் அவர்தான்.

இப்போது அவர் அதே நாவலை உருவி, மூக்குக்கு நேரே பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, ஐயா என்று ஆரம்பித்தாள்.

அவர் திரும்பினார். முகமெல்லாம் பூரிப்பு.

"எம்பொண்ணு வந்திருக்காம்மா. நீங்க பாக்கலையா?"

விரித்துக் காட்டிய பக்கத்தை அவள் பார்த்தாள். பென்சிலால் வரிசையாகப் புள்ளிகள். அச்செழுத்துக்கு அடியில் இல்லை. அவள் அழித்த தடத்துக்கு அடியில். ஓரத்தில் 'இருக்கட்டுமே'.

வாங்கிப் புரட்டினாள். அவள் எங்கெல்லாம் அழித்தாளோ அங்கெல்லாம் புள்ளி, அங்கெல்லாம் 'இருக்கட்டுமே'. பக்கங்களின் இடுக்கில் காலையில் உதிர்ந்த ரப்பர் துகள் அப்படியே கிடந்தது.

'மே'யின் கொம்பில் மேல்சுழி மூடாமல் திறந்திருந்தது. அவர் எப்போதும் கையோடு கொண்டுவரும் அந்த முதல் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எவ்வளவு பழகியும் அவளுக்கு வராத சுழி அது. அவள் எழுதினால் தானாக மூடிக்கொள்ளும்.

புத்தகத்தை மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"பாக்கலைங்கய்யா."

அதனால் என்ன, இவ்வளவு கிட்டத்தில் வந்தவள் இனி வராமலா போய்விடுவாள் என்று சொல்லிவிட்டு, அவர் ஸ்டூலை இழுத்து, வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். பிறகு அப்படியே கல்லாவுக்குத் திரும்பினாள்.

அந்த முதல் புத்தகத்தை ஒரு மூட்டைப் புத்தகங்களோடு கொண்டுவந்து போட்டவர் மகளுடைய கணவர். மனைவி அச்சகத்தில் பிழை திருத்தியவள், போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள், வீட்டில் இனி இதையெல்லாம் படிக்க ஆளில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.