கல்குவாரி காலியாக இருந்தது

தம்பி கல்குவாரியில் ஆளை வைக்கவில்லை என்பதை மூன்றாவது சுற்றில்தான் செல்வலட்சுமி கவனித்தாள்.

வெளியே சின்னக்கானல் மழை. ஹோம்ஸ்டேயில் விருந்தினர் ஒருவரும் இல்லை. முதலாளி ஜிபி அடிமாலிக்குப் போயிருந்தார். வரவேற்பு மேசையில் பலகையை விரித்து அக்காளும் தம்பியும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பலகையில் பழங்கால ஐரோப்பா. மேலே பிரபுவின் கோட்டை, கீழே கிராமம். ஆளுக்கு ஐந்து மரக்கட்டை வேலையாட்கள். வயல், ஆலை, கல்குவாரி, தேவாலயம் என்று ஒவ்வொரு சுற்றிலும் அவர்களை வேலைக்கு அனுப்ப வேண்டும். அறுவடை முடிந்ததும் எல்லோருக்கும் ரொட்டி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தலைக்கு மூன்று புள்ளி போகும்.

தோற்பவர் எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். அதுதான் இன்றைய பேச்சு.

அம்மா வேலுத்தாய் இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறாள். பிள்ளைகளில் ஒருவர் தேயிலைக் கொழுந்து எடுக்கவோ மருந்தடிக்கவோ போனால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு நிலைக்கும். இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். தம்பி பாண்டிக்குக் கொச்சியில் ஒரு ஹோட்டலில் வேலை உறுதியாகியிருந்தது. செல்வலட்சுமிக்கு இந்த வரவேற்பு மேசை இருந்தது.

ஒரு வாரமாக அம்மாவின் காதில் விழாமல் சண்டை. கடைசியில், ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்று சொன்னது பாண்டி.

விருந்தினர்கள் ஆடிவிட்டுக் கருத்து எழுத, ஆட்டப் பெட்டிக்குள் ஒரு நோட்டு கிடந்தது. ‘தேவாலயத்துக்குப் போகிறவனே ஜெயிக்கிறான், இது நியாயமில்லை’ என்று ஒரு சென்னைக்காரர் எழுதியிருந்தார். ‘வேலையாட்களுக்குத் தீனி போடுவதிலேயே பாதி ஆட்டம் போய்விடுகிறது. அந்த விதியை எடுத்துவிடலாம்’ என்று ஒரு பெங்களூர்த் தம்பதி.

பாண்டியும் எழுதியிருந்தான். ‘முதலில் கல். கல் இருந்தால் வீடு. மற்றதெல்லாம் சும்மா.’

ஆடிய ஆட்டமெல்லாம் அவனுடைய முதல் ஆள் கல்குவாரியில்தான் போய் நிற்பான். அவள் முந்திக்கொண்டால் அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

இன்று அவனுடைய ஆட்கள் தேவாலய வாசலில் வரிசையாக நின்றார்கள்.

“என்னடா, திடீர்னு பக்தி?”

“வயசாகுதுல்லக்கா.”

நான்காவது சுற்றிலும் கல்குவாரி காலி. அவளும் அதைத் தொடவில்லை.

கடைசி அறுவடை வந்தது.

பாண்டி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். ஒரு ரொட்டிகூட இல்லை. வயலுக்கு ஆள் அனுப்பவே மறந்துவிட்டானாம். கணக்கில் பதினைந்து புள்ளியைத் தானே குறைத்துக்கொண்டான்.

இப்போது அவள் முறை.

அவளிடம் சரியாக ஐந்து ரொட்டி. மஞ்சள் வில்லைகள். உள்ளங்கைக்குள் அவற்றை இறுக மூடியிருந்தாள்.

எதிரே அவளுடைய ஐந்து பேரும் வயலிலிருந்து திரும்பி வந்து நின்றார்கள். பலர் கைபட்டுச் சாயம் போன கட்டைகள். முகம் என்று ஒன்றும் கிடையாது.

“மரக்கட்டைக்குப் போட இம்புட்டு யோசனையா?” என்றான் பாண்டி. “போடுக்கா.”

பெங்களூர்த் தம்பதியின் கருத்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி உண்டு. ‘வேலை வாங்கினால் சோறு போடத்தான் வேண்டும்.’ அதை எழுதியபோது விருந்தினர்களோடு சேர்ந்து அவளும் சிரித்திருந்தாள்.

ரொட்டி போடாவிட்டால் அவளுக்கும் பதினைந்து புள்ளி போகும்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். முதல் வில்லை வைத்த பிறகு இரண்டாவது ஆளை விட்டுவிட அவளால் முடியவில்லை.

கூட்டிப் பார்த்தார்கள். அவள் நான்கு புள்ளியில் ஜெயித்திருந்தாள்.

“பாத்தியா, நான் சொன்னேன்ல, உன்னைய ஜெயிக்க முடியாதுன்னு.” பாண்டி எழுந்து ஜெர்க்கினை மாட்டிக்கொண்டான். தோற்றவனின் முகமாக அது இல்லை. “நாளைக்குக் காலைல பேரு கூப்பிட்டு மஸ்டர் எடுக்க முன்னாடியே ஆபீசுக்குப் போயி எம்பேரைக் குடுத்துருதேன். நீ அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடாத.”

செல்வலட்சுமி பலகையை மடித்தாள்.

எஸ்டேட் ஆபீசில், வேலுத்தாய்க்குப் பதில் என்ற இடத்தில், திங்கட்கிழமையே அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

இன்று தோற்றிருந்தால், அதை அவனிடம் சொல்லவே வேண்டியிருந்திருக்காது.