பன்னிரண்டு வோல்ட்

ரேடியோ மெக்கானிக் தன் பவர் சப்ளையிலிருந்து பக்கத்து அறைக்கு ஒயர் இழுத்து, மனைவியின் தையல் விளக்கை எரியவிட்டிருந்தார்.

"சும்மா கிடக்கிற பவர் சப்ளை, இதுக்காவது உதவட்டுமே" என்றார், பார்க்க வந்த மகளிடம்.

"கண்ணு சொட்டு மருந்து நல்லா கேக்குதுடி! ஆறு மாசமா வெளிச்சம் துளிகூடக் குறையல" என்றாள் அம்மா.

அப்பாவின் அறைக்கு வந்த மகள் பவர் சப்ளையின் மீட்டர் முள்ளைப் பார்த்தாள். "ஆறு வோல்ட்லதானேப்பா இருந்தது? பதினொண்ணு காட்டுது!"

"மெதுவா பேசு. அவ பார்வை மங்க மங்க நான்தான் வோல்ட்டை ஏத்திட்டு வர்றேன். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா."

மகள் கிளம்பியதும் குமிழைத் திருகினார். முள் பன்னிரண்டில் முட்டி நின்றுவிட்டது.

பக்கத்து அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"போதுங்க, ஏத்தாதீங்க. நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் சொல்லல. ரெண்டு மாசமா எனக்கு பல்போட சூடு மட்டும்தான் தெரியுது."