தையல்நாயகி பெறாத பொண்ணு

“ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடறேங்க. அருள்மொழி, என் சம்சாரம் தையல்நாயகி வயித்துல பொறந்த பொண்ணு இல்ல. எனக்கு வேற ஒருத்திகிட்ட பொறந்தது.”

பெண் பார்க்க வந்த கீழ்புத்துப்பட்டுக்காரர்கள் முன்னால் குழந்தைசாமி இப்படிச் சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் கேட்டது வேறு. “உங்க சம்சாரத்துக்கு மனசு சரியில்லன்னு சொல்றாங்களே, நாளைக்குப் பொண்ணுக்கும் அது வராதுன்னு என்ன நிச்சயம்?”

அதற்குத்தான் இந்தப் பதில்.

தையல்நாயகி சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாவம், அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வந்தவர்கள் வெளியே போய்க் கலந்து பேசினார்கள். திரும்பி வந்து, சம்மதம் என்றார்கள்.

அப்பன் நடத்தை கெட்டவன் என்பது பரவாயில்லையாம். அது பரம்பரையாக வராதாம்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

அவர்கள் இருந்த ஊர் மரக்காணம்தான் குழந்தைசாமியை மன்னிக்கவில்லை. வேதாரண்யம் பக்கத்திலிருந்து மூன்று வயதுக் குழந்தையோடு உப்பளத்துக்குப் பிழைக்க வந்த குடும்பம். அங்கே என்ன நடந்தது என்று இங்கே யாருக்குத் தெரியும்?

“மனசு சரியில்லாத பொம்பளைக்குப் போய் துரோகம் பண்ணியிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?” என்று டீக்கடை ஜலீல் முகத்துக்கு நேராகவே கேட்டார். கூட வேலை செய்யும் ராமதாஸ், சாப்பாட்டு நேரத்தில் தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

தலை தீபாவளிக்கு வந்த அருள்மொழி, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், ஊட்டிவிட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினாள்.

மறு வருஷம் உப்பு சீசனில், சங்கீதா குழந்தைசாமியைத் தேடிக்கொண்டு உப்புப் பாத்திக்கே வந்தாள். சுனாமிக்குப் பிறகு இங்கே மனநல முகாம் போட்டு, தையல்நாயகிக்கு மருந்து கொடுத்த குழுவில் வேலை செய்கிறவள்.

“ஐயா, எங்க டாக்டருங்களும் வெளிநாட்டு டாக்டருங்களும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி பண்றாங்க. மனநோய் பெத்தவங்ககிட்டேருந்து பிள்ளைங்களுக்கு எப்படி வருதுன்னு. தையல்நாயகியம்மா ரத்தம் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. உங்க பொண்ணும் குடுத்தா நல்லது.”

“ஊர்ல யாரும் சொல்லலியாம்மா? அது அவ பெத்த பொண்ணு இல்ல.”

“சொன்னாங்க. அதனாலதான் இன்னும் முக்கியம். பெறாத பொண்ணு, அவங்க கையில வளந்திருக்கு. அந்த மாதிரி கிடைக்கறதே கஷ்டம்.”

குழந்தைசாமி உப்பு வாருவதை நிறுத்தினார்.

“ரத்தத்தைப் பார்த்தா யாரு பெத்ததுன்னு தெரிஞ்சிடுமா?”

“தெரிஞ்சிடும். ஆனா வெளிய சொல்ல மாட்டோம்.”

“அப்ப வேணாம்மா.”

சங்கீதாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அந்த இன்னொரு அம்மா பேரு வெளிய வந்துடும்னு பயப்படறீங்களா? கட்டின பொண்டாட்டியை எதிர்ல உக்கார வெச்சுக்கிட்டு அப்படிச் சொன்னீங்களே, அப்ப அவங்க மனசைப் பத்தி நெனச்சீங்களா?”

குழந்தைசாமி சுற்றிலும் பார்த்தார். ராமதாஸ் தூரத்தில் இருந்தான்.

“இன்னொருத்தியெல்லாம் கிடையாதும்மா.”

“என்னது? அப்ப எதுக்கு அப்படிச் சொன்னீங்க? அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வந்தே தீரும்னு இல்லையே!”

“அது உங்களுக்குத் தெரியும். பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குத் தெரியுமா? முன்னாடி வந்தவங்க எல்லாம் தையல்நாயகியைப் பார்த்துட்டுத்தான் திரும்பிப் போனாங்க.”

“அதுக்காக அவங்களை இப்படியா...”

குழந்தைசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க மருந்தைச் சாப்பிட்டு கொஞ்சம் தெளிஞ்சதும், அவதாம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: ‘எம் பொண்ணு நல்லா இருக்கணும்யா. நான் அவளைப் பெறவே இல்லைன்னு சொல்லிடு.’”